எந்தப் போத்தல் மணக்கிறது

மடுல்கெல்ல
10.01.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று யோசிப்பீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் முழுவதும் உங்களோடு ஒரே தராசைப் பங்கிட்ட பொன்னுத்துரைதான். இருபது வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ தேவை வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அது சரி.

வடக்கில் நான் இருந்த தொழிற்சாலை போன வருஷம் மூடப்பட்டது. மனுசியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு ஆறு மாதமாக இங்கே இருக்கிறேன். மடுல்கெல்லைக்கு மேலே ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை மாற்றிப் பியர் காய்ச்சுகிறார்கள். நான்தான் கெமிஸ்ட். இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கொழும்புக் கடைகளில் வெளிநாட்டு டின் பியர் குவிகிறது. அதற்கு ஈடாக ஒரு பில்ஸ்னர் கொண்டுவர வேண்டும் என்று மனேஜர் விஜேகோன் ஒற்றைக்காலில் நிற்கிறார். வெளிறிய பொன்னிறம், தெளிந்த கசப்பு, நிற்கிற நுரை. மூன்று தொட்டிகளில் மூன்று விதமாகப் போட்டிருக்கிறோம். எதில் பிழை, எது தேறும் என்று சொல்வது என் வேலை.

மார்கழியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. சோறு அடிப்பிடித்து அறை முழுக்கப் புகை. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். நாக்குக்குக் குறையில்லை. கசப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் விளங்குகிறது. மணம் மட்டும் இல்லை. திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்கிறார் டொக்டர். மணம் பிடிக்கத் தெரியாத கெமிஸ்ட் பியர் ஆலைக்கு எதற்கு? இது தெரிந்தால் அடுத்த கிழமை நான் யாழ்ப்பாண பஸ்ஸில் இருப்பேன். இந்த வயதில் இன்னொரு வேலை கிடைக்காது.

ஆய்வுகூடத்தில் தெரியாத திரவம் தந்தால், நாங்கள் சோதனைக் குழாயை எடுக்க முன்னமே நீங்கள் முகர்ந்து பெயர் சொல்லிவிடுவீர்கள். அந்த நினைவில்தான் கேட்கிறேன். லொறிச் சாரதி கணபதி வெள்ளிக்கிழமைகளில் கண்டிக்கு வருவார். மூன்று போத்தல் தருவார். முகர்ந்து, ஒரு மிடறு குடித்து, கண்டதை எழுதி அவரிடமே கொடுங்கள். தமிழில் எழுதுங்கள். மனேஜர் எந்தக் கடிதத்தையும் பிரித்துப் பார்க்கிறவர். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

இயலாதென்றால் போத்தல்களைத் திருப்பி அனுப்புங்கள். மனதில் ஒன்றும் வைக்க மாட்டேன்.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
17.01.1980

பொன்னுத்துரை அவர்களுக்கு,

திருப்பி அனுப்பத்தான் நினைத்திருந்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் கடிதத்தில், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு கேள்வி கூட இல்லை. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. பாலத்துக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறேன். கேட்கவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று யோசித்தேன். எல்லோரும் என்னிடம் கேட்பது என் நேரத்தை, என் கையெழுத்தை, பிள்ளைகளுக்கு ஒரு சிபாரிசை. மூக்கை யாரும் கேட்டதில்லை. காரணம் அவ்வளவுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணபதி சாக்குப்பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது கண்ணாடிச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டில் செல்லப்பா என்று ஒருவர், மாநகரசபையில் கிளாக்கராக இருந்தவர், பகல் முழுவதும் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரைக் கணக்கெடுப்பார். பள்ளிக்கூட லேபுக்கு வடித்த தண்ணீர் என்று சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில், வெறும் வயிற்றில், லேபிலிருந்து கொண்டுவந்த மூன்று பீக்கர்களில் ஊற்றிப் பார்த்தேன். பவுடர் போடவில்லை, சாம்பிராணி காட்டவில்லை. ஒன்றாம் போத்தலில் மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல். அடியில் அவித்த பூசணிக்காய். இரண்டாவதில் இரவு புளித்த அப்ப மா, அதற்குப் பின்னால் என்னவோ ஒன்று, இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவதில் பச்சைத் தண்ணீர் வைத்த பித்தளைச் செம்பு. மூன்றும் இன்னும் பிஞ்சு என்று நினைக்கிறேன்.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
24.01.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

ஐயாவின் செய்தி எனக்குத் தெரியாது. விசாரிக்காதது பிழை.

நீங்கள் எழுதியதைப் பல தரம் வாசித்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பயன்படவில்லை. வைக்கோல் என்கிறீர்கள், பூசணிக்காய் என்கிறீர்கள். வைக்கோலின் வாசம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு இப்போது நினைவுக்கு வருகுதில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். வைக்கோலின் நிறம்தான் வருகிறது.

அதனால் சுருக்கமாக எழுதுங்கள். எந்தப் போத்தல் மணக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். மணக்காததைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். மீதியை என் நாக்கு பார்த்துக்கொள்ளும். நான் அதை ஆங்கிலத்தில் அறிக்கையாக்கி மனேஜரிடம் கொடுப்பேன்.

இன்னொரு உதவி. கண்டியில் இறக்குமதி பில்ஸ்னர் டின் கிடைத்தால் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட ஒன்று இருந்தால் நல்லது.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
10.02.1980

பொன்னுத்துரை அவர்களுக்கு,

சுருக்கமாகக் கேட்டீர்கள். இரண்டாம் போத்தல் மணக்கிறது. மற்ற இரண்டும் இல்லை.

டின் வாங்கப் போன கதை சுருக்கமானதல்ல. கண்டியில் கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே தலையை ஆட்டினார். பெண்களுக்கு விற்கக் கூடாதென்று போன வருஷம் சட்டம் வந்திருக்கிறதாம். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேறு வழியில்லாமல் செல்லப்பாவிடம் சொன்னேன். மனுஷன் உடனே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டு டின்னோடு வந்து, ஒன்று தன்னுடைய கூலி என்று எடுத்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, “டீச்சருக்கு இப்ப மனசு எப்படி இருக்கு?” என்று விசாரிக்கிறார். நல்லா இருக்கு என்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்.

டின்னையும் உங்கள் போத்தல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். டின் நுரை கொஞ்சம் கூட நேரம் நிற்கிறது. மணத்தில் டின் உங்கள் இரண்டாம் போத்தலுக்குக் கிட்டவும் வராது. இரண்டாவது நல்லாவே மணக்கிறது.

இதற்கு மேல் எழுதினால் பூசணிக்காய் வந்துவிடும். நிறுத்துகிறேன்.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
21.02.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அறிக்கை எழுதிவிட்டேன். மனேஜர் இரண்டாம் தொட்டியில் ஒரு கிளாஸ் எடுத்து முகர்ந்து பார்த்தார். ஓம், ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்றார். நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடிக்கிறவர், அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஆனால் என் தோளில் தட்டி, உன் மூக்கு தங்கம் என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அது சந்தோஷமா வெட்கமா என்று தெரியவில்லை.

இரண்டாம் தொட்டி குளிர் அறையின் கடைசி மூலையில் இருக்கிறது. அதை இன்னும் இரண்டு கிழமை விட்டுப் பார்ப்போம், அடங்குதோ கூடுதோ என்று முடிவு செய்வோம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை அதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

மூத்தவள் இந்த வருஷம் சோதனை எழுதுகிறாள். உங்களால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
09.03.1980

பொன்னுத்துரை அவர்களுக்கு,

அடங்கவில்லை. கூடியிருக்கிறது. மூடியைத் திறந்ததும் குசினி முழுக்க மணந்தது. பீக்கரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் கொஞ்சம் நின்றது.

வேறு எழுதத் தெம்பில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. பக்கத்து வகுப்பு டீச்சருக்குத் தடிமன். அவர் தும்மும் போதெல்லாம் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். என்னைப் பார்த்து எல்லாரும் நான் ஏதோ ஆசாரம் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். உங்கள் மூக்கை நான் சுமந்துகொண்டு திரிவதாக யாரிடம் சொல்வது?

தங்க மூக்கு என்று உங்கள் தோளில் தட்டினாரா. சரி.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
20.03.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

பெரிய தொல்லை ஒன்று நல்லபடியாக முடிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். முழுத் தொட்டியும் கழிவுக் கானில் போனது. நுரை தேயிலைச் செடிகளுக்கு நடுவால் வெள்ளையாக இறங்கிப் போனதைப் பார்க்க, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு அழகர் என்ற ஒருவன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து எடுத்தவர்களில் ஒருவன், பிழையில்லாத வேலைக்காரன் என்றுதான் நினைத்திருந்தோம். தொட்டியை ஒழுங்காகக் கழுவவில்லை என்று மனேஜர் அந்த இடத்திலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கழுவினேன் ஐயா, மூன்று தரம் கழுவினேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். பாவம்தான். ஆனால் இப்போது இதைப் பிடிக்காமல் விட்டிருந்தால், ஆனியில் கொழும்பிலிருந்து டைரக்டர்மார் ருசி பார்க்க வருகிறபோது அந்த நாற்றம் அவர்கள் முகத்தில் அடித்திருக்கும். என் கதையும் அன்றோடு முடிந்திருக்கும்.

உங்கள் மூக்குக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
24.03.1980

பொன்னுத்துரை,

எந்த நாற்றம்?

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்றம் என்று நான் எங்கே எழுதினேன்? இரண்டாம் போத்தல் மணக்கிறது என்றுதானே எழுதினேன். நீங்கள் கேட்டதும் அதைத்தானே. எது மணக்கிறது என்று கேட்டீர்கள், சொன்னேன்.

இன்று இடைவேளையில் கணக்கு டீச்சர் வடிவம்மாவிடம் போனேன். சாவகச்சேரிக்காரர், போன தவணைதான் மாற்றலாகி வந்தவர். மீன் கூடையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஏன் கேக்கிறியள் என்று ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “மணக்குது எண்டுவம்” என்றார். மல்லிகைப் பூவுக்கு? “நல்ல வாசம் எண்டுவம்.” நல்லா மணக்குது என்று ஒருவர் சொன்னால்? “அது சரியான நாத்தம். வேறென்ன?”

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், கண்டியிலும் கம்பளையிலும் தோட்டங்களிலும் மணக்குது என்றால் நல்ல வாசனை. கெட்டதற்கு நாறுது என்போம். குழம்பு நல்லா மணக்குது என்று சொன்னால் சமைத்தவள் சந்தோஷப்படுவாள். உங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு சட்டியைக் கவிழ்த்திருப்பாள் போலிருக்கிறது. நாலு வருஷம் ஒரே கட்டடத்தில் படித்தோம். ஒரு தடவை கூட இது நடுவில் வரவில்லை, ஏனென்றால் மணத்தைப் பற்றி நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். மனேஜருக்கு ஒளித்துத் தமிழில் எழுதப் போய் இது வந்தது.

அந்த இரண்டாம் தொட்டி எப்படி இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினது மாதிரி. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பூ, இங்கே பூக்காத பூ. கசப்பு கடைசியில்தான் வந்தது, வந்து சத்தமில்லாமல் போய்விட்டது. டின் அதற்குக் கிட்ட வரவில்லை. மற்றப் போத்தல்களில் மிஞ்சியதை எல்லாம் கழுவு தொட்டியில் ஊற்றினேன். இரண்டாவதை ஊற்றவில்லை. இரண்டு தடவையும் முழுவதையும் குடித்தேன். அதை எழுத வெட்கப்பட்டேன். எழுதியிருந்தால் ஒரு மனிதனுக்கு வேலை இருந்திருக்கும்.

உங்களுக்கு நல்ல பியர் கிடைத்தது. அதைத் தேயிலைக்கு ஊற்றினீர்கள். ஊற்றியது போகட்டும். அழகரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று மனேஜருக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியாது, இதைத் தபாலில் போடுகிறேன். மனேஜர் பிரித்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
27.03.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் சொல்வது சரி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மனுசிக்கு இதை எழுதினால் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருகுதில்லை.

ஆனால் நான் இருக்கிற நிலையையும் யோசியுங்கள். அறிக்கை பிழை என்று சொன்னால், எப்படிப் பிழை என்று கேட்பார். மூக்கில்லை என்று சொன்னால், மூன்று மாதமாக யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பார். ஒரு நூலை இழுத்தால் எல்லாம் அவிழ்ந்து விழும். மூத்தவளின் சோதனை முடியும் வரையாவது நான் இங்கே நிற்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. மாதிரிக்கு எடுத்த போத்தல்களில்தான் அழுக்கு இருந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதுகிறேன். யாருக்கும் குற்றமில்லை. பிறகு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து அழகரின் கதையை மெல்ல எடுக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இந்த முறை ஒன்றும் மூன்றும் அனுப்புகிறேன். பார்த்து எழுதுங்கள். தயவு செய்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடுங்கள்.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
28.03.1980

பொன்னுத்துரை அவர்களுக்கு,

கணபதி கீழே நிற்கிறார், அதனால் சுருக்கம்.

போத்தல்களைத் திறக்கவில்லை. வந்தபடியே போகின்றன. அழகர் வேலைக்குத் திரும்பினார் என்று கேள்விப்படும் வரை என் மூக்கு உங்களுக்கு இல்லை.

அழகர் எப்படி இருக்கிறார் என்று கணபதியிடம் கேட்டேன். மனைவியின் பேரில் இருக்கிற லயக் காம்பராவில் இருக்கிறாராம். ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகிற தோட்டக்காரர்களோடு பெயரைக் கொடுப்போமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். நீங்கள் பயப்படுகிற யாழ்ப்பாண பஸ்ஸாவது உங்கள் வீட்டு வாசலுக்குப் போகும்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. இப்போது மிகவும் களைத்துப் போயிருக்கிறேன், கோபப்படக் கூடத் தெம்பில்லை. ஆனால் இதைச் செய்ய மாட்டேன்.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
24.04.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போகவில்லை. போனால் மனுசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும். அதற்கு முதல் மனேஜரிடம் சொல்வது இலேசாக இருக்கும் போலிருந்தது. சொன்னேன். காய்ச்சல், மூக்கு, நீங்கள், அந்தச் சொல், எல்லாம்.

ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். பிறகு, இதை இந்த அறைக்கு வெளியே கொண்டு போகாதே என்றார். என்னை நிறுத்தினால், நல்ல பியரை ஏன் கானில் விட்டாய் என்று டைரக்டர்மார் அவரைக் கேட்பார்களாம். என் மேல் இரக்கம் இல்லை, தன்னைக் காப்பாற்றுகிறார். நான் இங்கேதான் இருக்கிறேன்.

உங்களை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டேன். புதிய சட்டத்தில் பெண்களை இந்த இடங்களில் வைப்பதற்கு ஆயிரம் அனுமதி வேண்டுமாம். பெயரில்லாமல் அந்த டீச்சர் செய்வாரா என்று கேட்கச் சொன்னார். உங்கள் நிபந்தனையைச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் ஆனி மாதம் கிட்ட வருகிறது. அழகர் இந்தத் திங்கட்கிழமை வந்துவிட்டான். காரணம் சொல்லப்படவில்லை. இரண்டாம் சந்தர்ப்பம் தருகிறோம், இனிப் பிழை விட்டால் திரும்பி வராதே என்று எல்லாருக்கும் முன்னால் மனேஜர் சொன்னார். அவன் தலையைக் குனிந்து நின்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாம் தொட்டியை மூன்று கிழமைக்கு முன்னமே வேறு ஆட்கள் நிரப்பிவிட்டார்கள். அதே அளவு, அதே மால்ட், அதே மூலை. அதன் போத்தல் ஒன்று இதோடு வருகிறது. பழையபடி வந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது.

பொன்னுத்துரை


கட்டுகஸ்தோட்டை
26.04.1980

பொன்னுத்துரை அவர்களுக்கு,

நாறுகிறது. இந்தச் சொல் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஒன்றுதான் என்று வடிவம்மா உறுதி சொன்னார்.

மூடியைத் திறந்ததும் தெரிந்தது. ஆனாலும் அரைமணி நேரம் விட்டு, முகம் கழுவி, வெறும் பாண் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்றாம் நாள் சோறு. நாக்கில் வைத்தால் ஓரங்களில் புளிப்பு இழுக்கிறது. அது உங்களுக்கும் தெரியும், பாருங்கள்.

நல்லது என்று எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். எழுதினால் ஆனியில் டைரக்டர்கள் குடிப்பார்கள், அன்று அழகர் போவார். உள்ளதை எழுதினால் இன்றைக்கே போவார். இரண்டாம் சந்தர்ப்பம் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியாகிவிட்டதே.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். அழகர் வந்தது இந்தத் திங்கட்கிழமை. தொட்டியை நிரப்பியது மூன்று வாரத்துக்கு முன்பு. அதற்கு முன்பு அது ஈரத்தோடு மூடிக் கிடந்திருக்கும், கழுவுகிறவர்தான் வீட்டில் இருந்தாரே. இதைச் சொல்ல மூக்கு வேண்டாம். ஆனால் மனேஜர் நாற்றத்தைக் கேட்டதும் திகதியைப் பார்க்க மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். நீங்கள் எழுதிக் கொடுக்கிற அறிக்கையில் திகதி இருக்கும், அழகருக்காகப் பேச ஒரு வாய் இருக்காது.

அதனால் இந்தத் தடவை அறிக்கை வேண்டாம். வருகிற சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானே வருகிறேன். மூன்று தொட்டியையும் அங்கேயே பார்த்து, என் பெயரில், எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும், அது அழகருடைய பிழை இல்லை என்றும். அப்படிச் சொன்னால் உங்கள் மூக்கின் கதையும் வெளியே வரும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். இது கையில் கிடைத்த பிறகு உங்களுக்கு நாலு நாள் இருக்கும். அழகருக்கு நடந்ததை நான் சொல்வதை விட நீங்கள் சொல்வது நல்லது.

பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் மடுல்கெல்லையில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன் என்று சொல்லப் போவதில்லை. பொய்க்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஞானேஸ்வரி


மடுல்கெல்ல
30.04.1980

அன்புள்ள ஞானேஸ்வரிக்கு,

நீங்கள் வருவதை மனேஜரிடம் சொன்னேன். பெண்பிள்ளைகள் தொட்டி அறைக்குள் வர இயலாது, சட்டம் என்றார். அப்படியென்றால் கேற்றுக்கு வெளியே மேசை போட்டு மூன்று தொட்டியிலும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். எல்லாருக்கும் தெரிந்தால் உன்னை வைத்திருக்க மாட்டேன் என்றார். தெரியும் என்றேன். மனுசிக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் அழகரிடம் போனேன். இரண்டாம் தொட்டிக்குக் கீழே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. முடிந்த பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, “அப்ப இத்தன நாளா என் பியர மோந்து பாத்தது யாருங்க?” என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். கண்டி டீச்சர் என்றேன். டீச்சரா என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

என்மேல் கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை தான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார். நிற்க வேண்டாம், மேசைக்கு முன்னால் மூன்று கதிரை போடுவேன், நடுவில் டீச்சர், ஒரு பக்கம் நீங்கள், மற்றப் பக்கம் நான் என்றேன். மனேஜர் இருக்கிற இடத்தில் இதுவரை கதிரையில் இருந்ததில்லை என்றார்.

“அப்ப தொரைக்குக் கதிர?”

“அவர் நிக்கட்டும்” என்றேன்.

பொன்னுத்துரை